ரத்தான லேபிள்களின் ஊர்சுற்றல்

சட்டியை விட மூடிக்கு ஆயுள் குறைவு என்பது மூடியக்காவின் முடிந்த முடிவு. சட்டி கைதவறி விழுந்தால் கொஞ்சம் நசுங்கிக்கொண்டு மறுபடியும் அடுப்பேறிவிடும். மூடி அப்படியல்ல. விழுந்ததும் சக்கரமாய் உருண்டு, அலமாரிக்கடியில் புகுந்து சந்நியாசம் வாங்கிக்கொள்ளும். கண்ணாடி மூடியென்றால் சந்நியாசம்கூட இல்லை, நேரே மோட்சம்தான். ஆகவே மூடியில்லாத பாத்திரம் ஒன்றாவது இல்லாத வீடு பூலோகத்தில் கிடையாது. அதன் மேல் ஒரு தட்டைக் கவிழ்த்து, தட்டு நழுவாமலிருக்கத் தட்டின் மேல் ஒரு கிண்ணத்தை வைத்து, கிண்ணம் விழுந்து தொலைக்குமோ என்று பயந்துகொண்டே குடும்பங்கள் காலம் தள்ளுகின்றன.

இந்த ஒரு உண்மையை முதலாகப் போட்டுத்தான் அவள் கடை ஆரம்பித்தாள். ஷட்டரும் கல்லாப்பெட்டியும் உள்ள கடையல்ல. இணையத்தில் நடக்கும் கடை. அதில் வெறும் மூடிகள் மட்டும் விற்பாள். தேநீர்க் குடுவை மூடி, சர்க்கரைக் கிண்ண மூடி, வாணலிக்குப் போடும் கண்ணாடி மூடி, கெட்டிலின் தகர மூடி. பழைய சாமான் சந்தையில் கிலோ கணக்கில் அள்ளி வந்து, கழுவித் துடைத்து, படம் பிடித்து ஏற்றுவாள். ஓய்வு பெறும்வரை ஒரு பெரிய ஆஸ்பத்திரிச் சமையல்கூடத்தில் பாத்திரங்களுக்கு அவள்தான் பொறுப்பு. அங்கே ஒரு கரண்டி காணாமற்போனால் டாக்டர்களே பயந்து தங்கள் பைகளைத் தடவிப் பார்த்துக்கொள்வார்கள் என்று பேச்சு. ஒரு பாத்திரத்தின் வாயைத் தூரத்திலிருந்து பார்த்தே அளவு சொல்வாள். அளவுகோல்தான் அவளிடம் வந்து தன்னைச் சரிபார்த்துக்கொண்டு போக வேண்டும்.

பேக்கிங் அவள் புருஷனுடைய இலாகா. பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவர். தெருவில் அவருக்கு மிச்சம் என்று பெயர். எதைத் தூக்கிப்போடப் போனாலும் "இரு இரு, இதுல இன்னும் மிச்சம் இருக்கு" என்று கையைப் பிடிப்பார்; அதனால் வந்த பட்டம். எச்சில் கையால் காக்கை ஓட்டாத ஜாதி என்று அவரைச் சொன்னால் அது அநியாயம். கேட்டவருக்குக் கொடுப்பார், வந்தவருக்குச் சோறு போடுவார். ஒரு பொருள் வீணாவதை மட்டும்தான் அவர் கண் பொறுக்காது. பற்பசைக் குழாய் ஒன்று அவர் கையிலிருந்து விடுதலையாகும்போது அதற்குத் தன் பெயரே மறந்து போயிருக்கும். ஒரே தேயிலைப் பையை அவர் மூன்றாம் முறை வெந்நீரில் முக்கும்போது தண்ணீர் நிறம் மாறுவது தேயிலையால் அல்ல, பயத்தால் என்பாள் அவர் தங்கை.

அந்தத் தங்கை, அதாவது மூடியக்காவின் நாத்தனார், ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்று அண்ணன் வீட்டோடு வந்துவிட்டவள். வீட்டில் இருந்த ஒரே உபரி அறையில் தரையிலிருந்து கூரைவரை மூடிகள் குடியிருந்ததால், அவள் கூடத்து சோபாவில் படுத்துக்கொண்டாள். அவளுடைய வேலை கம்ப்யூட்டர். அவள் தட்ட ஆரம்பித்தால் பக்கத்து வீட்டில் மழை என்று நினைத்துக் கொடியில் காயும் துணியை எடுப்பார்கள்.

வேகம்தான் அவளுடைய பலம், பலவீனமும் அதுதான். ஆர்டர் விழுந்த சத்தம் அடங்குவதற்குள் தபால் கட்டணத்தைக் கட்டி லேபிளை அச்சடித்துவிடுவாள். அண்ணி அந்த மூடியை எடுத்துத் தராசில் வைப்பதற்குள் பிரிண்டர் நாக்கை நீட்டியிருக்கும். பிறகு பார்த்தால் எடை தப்பாயிருக்கும். வேறு லேபிள் எடுக்க வேண்டும். அல்லது வாங்கினவர் மனசு மாறி, "சட்டியும் உடைஞ்சிடுச்சு, மூடி வேண்டாம்" என்று ரத்து செய்துவிடுவார். மூடி வியாபாரத்தில் இது சகஜம். இப்படிப் பயன்படாமல் போன லேபிளுக்கு வழி உண்டு. விற்பனைத் தளத்தில் போய் அந்த லேபிளை ரத்து செய்ய வேண்டும். தபால்காரர்களின் எந்த மெஷினும் அதைப் படிக்கவில்லை என்று தளத்தை நடத்தும் கம்பெனி கொஞ்ச நாள் காத்திருந்து பார்த்துவிட்டு, கட்டிய கட்டணத்தைத் திருப்பிப் போடும். டைப்பிஸ்ட் இதில் கில்லாடி. ஒரு லேபிளைக்கூட விட்டுவைக்க மாட்டாள். ரீஃபண்ட் வந்து விழும்போதெல்லாம் லாட்டரி அடித்தவள் போல இன்னொரு கப் காபி போட்டுக்கொள்வாள்.

இப்படி ஆற்றோடு போய்க்கொண்டிருந்த பிழைப்பில் ஒரு காலை வேளையில் கல் விழுந்தது.

"அண்ணி, கடைய மூடிட்டாங்க" என்றாள் டைப்பிஸ்ட் கம்ப்யூட்டர் முன்னாலிருந்து.

"எந்தக் கடைய? முனையில இருக்கற மருந்துக் கடையவா?"

"நம்ம கடைய."

மூடியக்கா ஈரக்கையோடு வந்து நின்றாள். கம்பெனியிலிருந்து வந்திருந்த மெயிலை நாத்தனார் படித்தாள். தாங்கள் பயன்படுத்தவில்லை என்று கூறிப் பணம் திரும்பப் பெற்ற லேபிள்களில் பல, பார்சல்களில் ஒட்டப்பட்டுப் பயணம் செய்திருக்கின்றன. ஒரே லேபிளுக்குப் பணத்தையும் திரும்பப் பெற்றுக்கொண்டு, அதிலேயே பார்சலையும் அனுப்புவது மோசடி. தங்கள் கடை நிறுத்தி வைக்கப்படுகிறது. ஒரு வாரத்துக்குள் தக்க விளக்கம் வராவிட்டால் நிரந்தரமாக மூடப்படும்.

மற்ற வார்த்தைகள் எதுவும் மூடியக்காவின் காதில் ஏறவில்லை. மோசடி என்ற சொல் மட்டும் காதுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது. ஆயிரம் பேர் சாப்பிட்ட சமையல்கூடத்தில் ஒரு ஸ்பூன் கணக்கில் குறையாமல் சாவியை ஒப்படைத்துவிட்டு வந்தவள் அவள். அதைவிட, ஓய்வு பெற்ற புதிதில் அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். செய்ய ஒன்றுமில்லாமல் தன் வீட்டுச் சமையலறையையே தினமும் மாற்றி மாற்றி அடுக்கினாள். உப்பு இருந்த இடத்தில் சலவைத்தூள் வந்து உட்கார்ந்து, ஒரு நாள் புளியும் சோப்புமாய்க் கொதித்த குழம்பு நுரைத்து அடுப்பைத் தாண்டி வாசல்வரை போயிற்று. இந்தக் கடை வந்த பிறகுதான் வீட்டில் உப்பு உப்பாக இருந்தது. எங்கேயோ இருக்கும் யாரோ ஒருத்தி, உடைந்த மூடியின் படத்தை அனுப்பி "இதே மாதிரி கிடைக்குமா" என்று கேட்பதும், இவள் குவியலுக்குள் தலையைக் கொடுத்து அதை வெளியே எடுப்பதும், அதற்கு வரும் பதிலும்தான் அவளுடைய நாள். கடை போனால் அந்த நாட்களும் போய்விடும்.

சந்தேகம் வர ஒரு நிமிஷம் போதும். லேபிள் எடுப்பதும் ரத்து செய்வதும் ஒரே ஆள்.

"ஏம்மா, நீ ரத்து பண்றதுல ஏதாவது கைதவறிப் போயிருக்குமா?"

"எனக்கா? வக்கீல் ஆபீஸ்ல நான் அடிச்ச பேப்பர்ல ஒரு கமா தப்பா விழுந்ததில்ல அண்ணி."

"கமாவைப் பத்தி நான் கேக்கல."

"நேராவே கேளுங்களேன். இந்த ரூம் எனக்கு வேணும்னு கடைய நானே கவுத்துட்டேன்னு நினைக்கறீங்க."

"நான் அப்படிச் சொன்னேனா?"

"வாயால சொல்லல. உங்க முகத்துல கீழ் வரிசையில ஓடுது, டிவி நியூஸ்ல ஓடற மாதிரி." டைப்பிஸ்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "அந்த ரூமைச் சும்மா குடுத்தாலும் எனக்கு வேண்டாம். சாயங்கால வெயில் நேரா மூஞ்சியில அடிக்கும். மூடிங்களுக்குத்தான் அது லாயக்கு. அதுங்களுக்குத் தூக்கம்னு ஒண்ணு கிடையாது."

வளைந்த ஆணிகளைச் சுத்தியால் தட்டி நேராக்கிக்கொண்டிருந்த மிச்சம் தலையைத் தூக்காமல், "மெஷின்தான் எதையாவது தப்பாப் படிச்சிருக்கும். அதுக்குப் போய் நீங்க ரெண்டு பேரும் ஏன் அடிச்சுக்கறீங்க" என்றார். பெண்கள் இருவரும் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கோபம் வந்தால் டைப்பிஸ்டுக்கு வேலை இரட்டிப்பாக ஓடும். கம்பெனி குறிப்பிட்டிருந்த லேபிள்களை ஒவ்வொன்றாக எடுத்து, அவை எங்கே போயின என்று பார்க்க ஆரம்பித்தாள். முதலில் கண்ணில் பட்டது ஒரு சர்க்கரைக் கிண்ண மூடிக்கு எடுத்த லேபிள். வாங்குவதாகச் சொன்னவர் மறுநாளே ரத்து செய்துவிட்டார். மூடி இன்றைக்கும் அலமாரியில் இருந்தது. ஆனால் லேபிள் மட்டும் கிளம்பியிருக்கிறது, இரண்டு ஊர் தாண்டியிருக்கிறது, அவர் வீட்டு வாசலில் போய் இறங்கியும் இருக்கிறது.

"மூடி இங்க இருக்கு. அப்ப என்னத்த அனுப்பினோம் அவருக்கு?" என்றாள் மூடியக்கா.

"ஒண்ணும் அனுப்பல."

"ஒண்ணும் அனுப்பாமயா அது வாசல்ல போய் எறங்கும்? லேபிள் தானா நடந்தா போச்சு? ஃபோன் போடு அவருக்கு."

லேபிளிலேயே நம்பர் இருந்தது. டைப்பிஸ்ட் ஸ்பீக்கரில் போட்டு, "சர்க்கரைக் கிண்ணத்துக்கு மூடி கேட்டு ரத்து பண்ணீங்களே, அந்தக் கடைலேர்ந்து பேசறோம்" என்றாள்.

"அடடே, நீங்களா. நானே கூப்பிட்டு நன்றி சொல்லணும்னு இருந்தேன்."

"நன்றி எதுக்குங்க?"

"வேண்டாம்னு சொன்னவனுக்கும் அனுப்பி வெச்சீங்களே. அதுவும் நான் கேட்டது உள்ளங்கையளவு, நீங்க அனுப்பினது தாம்பாளம் மாதிரி கண்ணாடி மூடி. எங்க உருண்டை மீன் தொட்டிக்கு அளவெடுத்துச் செஞ்ச மாதிரி உக்காந்திருக்கு. மீனுங்க எல்லாம் சந்தோஷமா இருக்கு."

மூடியக்கா ஃபோனை நோக்கிக் குனிந்தாள். "குமிழ் கருப்பா? ஓரத்துல சின்னதா ஒரு வெட்டு இருக்குமே?"

"ஆமாங்க, இருக்கு."

அவளுக்கு அந்த மூடியைத் தெரியும். அகன்ற வாணலிக்காக ஒரு பள்ளிக்கூட ஆசிரியை வாங்கினது. வரவே இல்லை என்று அந்த அம்மா எழுத, இவள் ஆயிரம் மன்னிப்பு கேட்டு அவருக்குக் காசைத் திருப்பிக் கொடுத்திருந்தாள். தபாலில் தொலைந்துவிட்டது என்றுதான் இத்தனை நாளும் நம்பியிருந்தாள். மூடி தொலையவில்லை, மீன்களுக்குக் கூரையாகியிருக்கிறது.

"அது வந்த அட்டைப்பெட்டி வெச்சிருக்கீங்களா?"

"இருக்கு. ஆனா காலியா இல்ல. பூனை படுத்திருக்கு."

"பூனையைக் கொஞ்சம் எழுப்பிட்டு, பெட்டியை எல்லாப் பக்கமும் படம் எடுத்து அனுப்ப முடியுமா?"

"எழுப்பறது சுலபம். அதுக்கப்புறம் அதோட குடித்தனம் பண்ணப்போறது நான்தானே." மனிதர் பெருமூச்சு விட்டார். "சரி, அனுப்பறேன்."

படங்கள் வந்தன. ஒரு படத்தில் பெட்டி, மறு படத்தில் பெட்டி, மூன்றாவதில் பெட்டியை விட அதிகமாகப் பூனையின் கோபம். பெட்டியின் மேல்பக்கம் ஆசிரியையின் முகவரியுள்ள லேபிள் சரியாகவே ஒட்டப்பட்டிருந்தது. அடிப்பக்கத்தில்தான் விஷயம். பெட்டியின் இரண்டு மடிப்புகளும் சேரும் இடத்தில், டேப்புக்குப் பதிலாக, சர்க்கரைக் கிண்ணக்காரரின் ரத்தான லேபிள் சுருக்கமில்லாமல் பாங்காக ஒட்டியிருந்தது. முகவரியின் மேல் பெருக்கல் குறி. பக்கத்தில் கொட்டை எழுத்தில் 'செல்லாது'. ஓடாத பஸ்களின் நெற்றியில் சாக்பீஸால் 'பழுது' என்று எழுதி எழுதிப் பழகின கையெழுத்து. அந்த வீட்டில் அப்படி எழுதுகிறவர் ஒருவர்தான்.

இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். சுத்தியல் பாதியில் நின்றது.

"ஆமா, நான்தான் ஒட்டினேன். அதுல என்ன?" என்றார் மிச்சம்.

அதில் என்னவென்று புரிய வைக்க வெகு நேரம் பிடித்தது. முன்னெல்லாம் சாதாரணத் தாளில் லேபிள் அச்சடித்து டேப் போட்டு ஒட்டுவார்கள். ரத்தான லேபிள்களின் பின்பக்கத்தில் மிச்சம் கடைக்குப் போகும் சாமான் பட்டியல் எழுதுவார்; யாருக்கும் நஷ்டமில்லை. சில மாதம் முன்னால் டைப்பிஸ்ட் வேலை சுலபமாகட்டும் என்று பசை வைத்த ஸ்டிக்கர் தாளுக்கு மாறினாள். ரத்தான ஸ்டிக்கர்கள் குப்பைக் கூடைக்குப் போவதைப் பார்த்த முதல் நாளே மிச்சத்துக்கு நெஞ்சு அடைத்தது.

"பசை முழுசா இருக்கு. தாளும் கெட்டி. டேப்பைவிட நல்லாப் புடிக்குது" என்றார். "அதைத் தூக்கிப்போடணும்னா அதுக்கு வேற மனசு வேணும்."

"அதுல பார்கோடு இருக்கேங்க" என்றாள் மூடியக்கா.

"அட்ரஸை நல்லா அடிச்சிருக்கேன் பாரு. செல்லாதுன்னு எழுதியும் வெச்சிருக்கேன். இதுக்கு மேல என்ன பண்ணணும், பக்கத்துல நின்னு தண்டோராவா போட முடியும்?"

"மெஷின் அட்ரஸைப் படிக்காதுண்ணா. அந்தக் கோடுங்களத்தான் படிக்கும்."

"அது கோடு கோடா இருந்துச்சு. கோட்டு மேல நான் இன்னொரு கோடு போட்டா யாருக்குத் தெரியப் போகுதுன்னு விட்டுட்டேன்."

ஆக, நடந்தது இதுதான். பெட்டி தபால் மெஷினில் நிமிர்ந்து போனால் மேல் லேபிளைப் படித்து வாங்கினவர் வீட்டுக்குப் போகும். குப்புறப் படுத்துப் போனால் அடி லேபிளைப் படித்து, வேண்டாம் என்று சொன்னவர் வீட்டுக்குப் போகும். பூவா தலையா ஆட்டம். சில மாதங்களாக மூடியக்காவின் மூடிகள் இப்படித் தங்கள் இஷ்டத்துக்கு ஊர் சுற்றியிருக்கின்றன. ரீஃபண்ட் வாங்கிய லேபிள்களும் அவற்றின் வயிற்றைப் பிடித்துக்கொண்டே கூடப் போயிருக்கின்றன.

"நான் நினைச்சதுக்கு மன்னிச்சுக்கோ" என்றாள் மூடியக்கா நாத்தனாரிடம்.

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். இப்போ கம்பெனிக்கு என்ன எழுதறது? உண்மையை எழுதினா ஒருத்தரும் நம்ப மாட்டாங்க அண்ணி. வக்கீல் ஆபீஸ்ல இருந்தவ சொல்றேன், நம்பற மாதிரி ஒரு பொய் ரெண்டே வரியில எழுதிடலாம். ரத்தான லேபிள்களைக் குப்பையில போட்டோம், யாரோ எடுத்துட்டுப் போய் உபயோகிச்சுட்டாங்க."

மிச்சம் எழுந்தே நின்றுவிட்டார். "நம்ம வீட்டுக் குப்பையிலேர்ந்தா? அதுல எடுக்கறதுக்கு என்ன இருக்கு? உபயோகப்படற பொருளை நான் குப்பையில போட்டேன்னு நாலு பேர் நினைக்கறதா? அந்தப் பேரு எனக்கு வேண்டாம்."

"அப்ப உண்மையை எழுதினா உங்களை ஊரே கஞ்சன்னு சொல்லுமே" என்றாள் மனைவி.

"உன்னை மோசடிக்காரின்னு சொல்றதுக்கு என்னைக் கஞ்சன்னு சொல்லட்டும். அதுல கொஞ்சமாவது உண்மை இருக்கு."

இதைச் சொல்லிவிட்டு அவர் மறுபடியும் ஆணி தட்ட உட்கார்ந்தார். மூடியக்கா இன்னொரு வளைந்த ஆணியை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். பிறகு, உள்ளது உள்ளபடி எழுது என்று நாத்தனாரிடம் சொன்னாள். பக்கத்து வீட்டில் துணி எடுத்தார்கள்.

இரண்டு நாள் கழித்துக் கம்பெனியின் விசாரணைப் பிரிவிலிருந்து ஒரு அம்மா கூப்பிட்டாள். குரலில் வெறுப்பும் இல்லை, விருப்பும் இல்லை. காலையிலிருந்து பொய் கேட்டுக் கேட்டுக் களைத்த குரல்.

"எனக்கு எல்லாக் கதையும் பழக்கம்மா. பிரிண்டர் கோளாறும்பாங்க, பேரன் விளையாடிட்டான்பாங்க, நாய் தின்னுடுச்சும்பாங்க. செல்லாத லேபிளை டேப்பா ஒட்டினோம்னு இப்பத்தான் முதல் தடவை கேக்கறேன்."

"உண்மையைச் சொன்னா அப்படித்தாங்க இருக்கும். முன்னாடி யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க" என்றாள் மூடியக்கா.

"ஒரு பெட்டி படம்தான் அனுப்பியிருக்கீங்க. ஒரு பெட்டியை யார் வேணும்னாலும் இப்போ தயார் பண்ணிடலாம். இது வேணும்னு செஞ்ச ஏமாத்து இல்ல, உங்க வீட்டுப் பழக்கம்தான்னு நான் எப்படி நம்பறது?"

"பழக்கம்னு நிரூபிக்கணும். அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்."

"எத்தனை படம் அனுப்பலாம்?"

"எத்தனை வேணும்னாலும்."

ஃபோனை வைத்ததும் மூடியக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு புருஷனிடம் போனாள். விஷயத்தைச் சொன்னாள். அவர் முதலில் முடியவே முடியாது என்றார். வீட்டு மானத்தைப் படம் பிடித்து மெயிலில் அனுப்புவார்களா என்றார். அவள் குளியலறைக்குள் நுழைந்து சோப்பு டப்பாவை எடுத்து வந்து மேஜைமேல் வைத்தாள்.

அது ஒரு சோப்பல்ல. கரைந்து கரைந்து வெற்றிலை கனத்துக்கு வந்த சோப்புகளை ஒன்றன் மேல் ஒன்றாக அமுக்கி அமுக்கி வருஷக்கணக்கில் அவர் வளர்த்த உருண்டை. குறுக்கே வெட்டினால் மரத்தின் வயதை வளையம் எண்ணிச் சொல்வதுபோல் அந்தக் குடும்பத்தின் சரித்திரத்தையே சொல்லிவிடலாம். டைப்பிஸ்ட் அதைப் படம் பிடித்தாள். அடுத்து, நீளவாக்கில் பிளந்து வழித்த பற்பசைக் குழாய். இரண்டு குடைகள் செத்துப் பிறந்த ஒரு குடை. கம்பி ஒன்றினுடையது, துணி இன்னொன்றினுடையது, பிடி பஸ்ஸின் கியர் குமிழ். உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி ஒட்டிய கவர்கள். நாலாவது தலைமுறைத் துடைப்பம்.

கியர் குமிழ் வரும்வரை மிச்சம் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் இருந்தார். பிறகு பொறுக்கவில்லை.

"அதை அப்படி எடுத்தா என்ன தெரியும்? திருப்பு. அடியில நான் மரை போட்டிருக்கேன் பாரு, அது தெரியணும்."

"இப்படியாண்ணா?"

"வெளிச்சத்துல வை. இரு, செருப்பை விட்டுட்டீங்களே." போய் எடுத்து வந்தார். பஸ் டயரில் அடித்தளம் வைத்து, அது தேயாமலிருக்க அதன் கீழே இன்னொரு டயர் வைத்த செருப்பு. போட்டுக்கொண்டு நின்றால் ஆளே அரையடி உயர்ந்துவிடுவார். "இதையும் எடு. போன வருஷக் காலண்டரையும் எடு. கிழமையைத் திருத்திட்டா இந்த வருஷத்துக்கும் ஓடுது."

"போதும்ங்க, கம்பெனிக்காரங்க பயந்துடப் போறாங்க" என்றாள் மூடியக்கா.

"நிரூபிக்கச் சொன்னாங்கல்ல. அரைகுறையா நிரூபிச்சா நம்மளப் பத்தி என்ன நினைப்பாங்க?"

மறுநாள் அந்த அம்மா மறுபடி கூப்பிட்டாள். பேக்கிங் செய்தவரோடு பேச வேண்டும் என்றாள். மிச்சம் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டு ஃபோனை வாங்கினார்.

"ரத்தான லேபிளை ஏன் சார் பெட்டியில ஒட்டினீங்க?"

"பசை இருந்துச்சும்மா."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். பசை இருக்கற தாளைத் தூக்கிப்போட எனக்குக் கை வராது. என் சம்சாரத்துக்கும் தெரியாது, தங்கச்சிக்கும் தெரியாது. பெட்டியோட அடியை யாரும்மா பாக்கறாங்க? நான் ஒட்டினேன், நான் அனுப்பினேன். கடை அவளோடது. தப்பு என்னோடது."

மறுமுனையில் எதையோ தட்டும் சத்தம் கேட்டது.

"அந்த சோப்பு உண்மைதானா சார்?" என்றாள்.

"தினமும் குளிக்கறேன்."

"சரி. எல்லாப் படத்தையும் மேல அனுப்பினா என்னைக் கிண்டல் பண்ணுவாங்க. சோப்பு படத்தையும் பெட்டி படத்தையும் மட்டும் அனுப்பறேன். மத்ததை அவங்க முடிவு பண்ணட்டும்."

கெடு முடிவதற்கு முந்தின நாள் மதியம்வரை மெயில் வரவில்லை. மூடியக்கா மூடிகளின் அறையில் உட்கார்ந்து, விற்க முடியாத மூடிகளை எதற்கென்று தெரியாமலே அளவு வாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். இந்த அறை காலியானால் எதை வைப்பது என்று ஒரு முறை யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் தோன்றவில்லை. பிறகு ஒரு தேநீர்க் குடுவை மூடியை எடுத்து, ஏற்கெனவே பளபளவென்று இருந்ததைத் துடைத்தாள்.

"அண்ணி" என்று கூடத்திலிருந்து குரல் வந்தது. "வந்துடுச்சு."

துடைத்துக்கொண்டிருந்த மூடியை அவள் கீழே வைக்கவில்லை. "அங்கேர்ந்தே படி" என்றாள்.

நாத்தனார் படித்தாள். விளக்கம் ஏற்கப்பட்டது. மெஷின் படித்த லேபிள்களுக்குக் கொடுத்த பணம் திரும்ப எடுத்துக்கொள்ளப்படும். மெஷின் படிக்காத லேபிள்களுக்கு வந்த ரீஃபண்ட் செல்லும். இனி ரத்தாகும் லேபிள்களின் பார்கோட்டை உடனே கிழித்துவிட வேண்டும். இன்னொரு முறை நடந்தால் விசாரணை கிடையாது, நேரே மூடல்தான். இன்று மதியம் முதல் கடை திறந்திருக்கும்.

"திறந்திருக்கும்னா இப்பவே திறந்திருக்கா?"

"இப்பவேதான். பாருங்க, ஆசிரியை அம்மாவோட மெசேஜ் கூட வந்திருக்கு. வேற மூடி இருக்கான்னு கேக்கறாங்க."

மூடியக்கா எழுந்தாள். எந்த அடுக்கில் என்ன இருக்கிறது என்று அவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டே தெரியும். அகன்ற கண்ணாடி மூடி ஒன்று, இது ஓரத்தில் வெட்டில்லாதது, ஜன்னலுக்குக் கீழே இருந்தது. எடுத்து, தராசில் வைத்து எடையைச் சொன்னாள். அதன் பிறகே டைப்பிஸ்ட் லேபிள் எடுத்தாள். வாழ்க்கையிலேயே முதல் முறையாக விரலைக் கட்டுப்படுத்திக்கொண்டு காத்திருந்தாள்.

மிச்சத்தை மட்டும் காணோம். செருப்பும் இல்லை. அரை மணி கழித்து வாசலில் டயர் செருப்பின் சத்தம் கேட்டது. உள்ளே வந்தவர் ஒரு புது டேப் சுருளை மேஜைமேல் வைத்தார். அதை அவர் தன் கைக்காசில் வாங்கியிருந்தார். முகம் சுடுகாட்டுக்குப் போய்த் திரும்பினவர் முகம் போல இருந்தது.

"எவ்வளவுன்னு கேக்காதே" என்றார்.

அவள் கேட்கவில்லை. பெட்டியை அவர் முன்னால் நகர்த்தினாள். அவர் அடிப்பக்க மடிப்பைச் சேர்த்துப் பிடித்து, டேப்பை இழுத்து, ஒரு விரல் நீளத்துக்குக் கிழித்து நடுவில் மட்டும் ஒட்டினார்.

"இது தாங்காதுங்க. முழுசா ஒரு சுத்து விடுங்க."

"முழுசாவா?"

"முழுசா."

மிச்சம் டேப்பின் நுனியைத் தேடிக் கண்டுபிடித்து, பெட்டியைச் சுற்றி இழுத்தார்.

"இன்னொரு சுத்து" என்றாள் மூடியக்கா.

அவர் அவளை ஒரு முறை பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு சுற்றும் சுற்றினார்.